மரத்தூள் பிடிக்கும் வாளி

(அறிவியல் பகுதி)

இந்த மாதம் எனக்கு இரண்டு சார்ட் பேப்பர் கொடுத்திருக்காங்க. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நின்று படிக்கிறவர்கள் பாதியை இன்றைக்கும் மீதியை நாளைக்கும் படிக்கலாம்.

சின்னமனூர் பக்கம் பஸ்ஸில் போகும்போது ரைஸ் மில் கூரைக்கு மேலே ஒரு தகரப் புனல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே உருளை, கீழே போகப் போக ஒடுங்கி வரும், உச்சியில் மழை படாமல் ஒரு குடை. சின்ன வயசில் நான் அதைத் தண்ணித் தொட்டி என்று நினைத்தேன். அது தொட்டி இல்லை. அதன் பெயர் சைக்ளோன். புயலுக்கு உள்ள அதே பெயர்தான். மில்லில் இருந்து வரும் உமி, தவிடு, தூசி எல்லாம் அதற்குள் போய்ச் சுற்றும். கனமானது கீழே இறங்கும், காற்று மேலே போகும். 1895-ல் முல்லைப்பெரியாறு அணை வந்து, கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் ஆனதால்தான் நம்ம பக்கம் இத்தனை ரைஸ் மில். அந்தப் புனலின் குட்டித் தம்பி ஒன்றை 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் செய்து எங்கள் வீட்டுப் பட்டறையில் வைத்திருக்கிறோம். அதை எப்படிச் செய்வது, அதைவிட முக்கியமாக எப்படிச் செய்யக் கூடாது என்பதுதான் இந்தப் பாடம்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டில் தச்சுப் பட்டறை இருக்கு. அப்பாவும் பெரியப்பாவும் வேலை செய்றாங்க. கதவு, ஜன்னல், கட்டில், இப்போ ப்ளைவுட் அலமாரி. தாத்தா இருக்கும்போது எல்லாம் கை வேலை. இழைப்புளி போட்டால் மரம் சுருள் சுருளாக விழும். அந்தச் சுருளை நாங்கள் காதில் மாட்டி விளையாடியிருக்கிறோம். கைரம்பத்தில் விழுவதும் பெரும்பாலும் ரவை மாதிரி இருக்கும், காலடியிலேயே விழுந்துவிடும். இப்போது ரம்ப மேசை, பிளேனர், ரவுட்டர், சாண்டர் எல்லாம் கரண்டில் ஓடுது. ஒரு நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடியுது. ஆனால் சுருள் போய் மாவு வருது. மெஷின் எவ்வளவு வேகமோ, உப்புத்தாள் எவ்வளவு நைசோ, தூளும் அவ்வளவு பொடி.

முதலில் அளவு தெரிய வேண்டும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு ஒரு மைக்ரான் என்று பெயர். நம்ம தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன். ரம்பத்தில் இருந்து விழும் தூளில் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் அதைவிடப் பெரியது. அது மூக்கு முடியிலேயே மாட்டிக்கும், சிந்தினால் வந்துவிடும். 10 மைக்ரானுக்குக் கீழே போனால் மூச்சோடு உள்ளே இறங்கும். இன்னும் சின்னது நுரையீரலின் காற்றுப் பை வரைக்கும் போகும்.

அது எவ்வளவு நேரம் காற்றில் நிற்கும் என்று அறிவியல் டீச்சரிடம் கேட்டு ஸ்டோக்ஸ் விதிப்படி கணக்குப் போட்டேன். காற்று அசையவே இல்லை, துகளின் அடர்த்தி தண்ணீர் அளவு என்று வைத்துக்கொள்வோம். ஐந்து அடி உயரத்தில் இருந்து 10 மைக்ரான் துகள் தரைக்கு வர சுமார் 8 நிமிஷம். 5 மைக்ரான் என்றால் அரை மணிக்கும் மேல். 1 மைக்ரான் என்றால் 14 மணி நேரம்! மரம் தண்ணீரைவிட லேசு, பட்டறையில் காற்றும் அசையும். அதனால் உண்மையில் இன்னும் அதிக நேரம் மிதக்கும்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா மெஷினை நிறுத்துவார். "பாப்பா, கூட்டிரு" என்பார். மெஷின் நின்ற உடனே காற்றில் தூசி அதிகம் இருக்கிற நேரம் அது. அந்த நேரத்தில் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய், கீழே விழுந்ததையும் திரும்ப மேலே கிளப்புவது யார்? பட்டறை வைத்திருக்கிற வீடுகளில் கூட்டுவது பெரும்பாலும் அம்மாவும் பொம்பளைப் பிள்ளைகளும்தான். மரத்தைத் தொடாமலே மரத்தூளை அதிகம் குடிக்கிறது நாங்கதான். இதைச் சொன்னதும் அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பழைய பெயிண்ட் வாளியைத் தேடி எடுத்து வைத்தார்.

தூசிதானே, தும்மினால் போச்சு என்று நினைப்பவர்களுக்குச் சில செய்திகள்.

எல்லா மரத்தூளும் ஒன்று இல்லை. வாகையை அறுத்தால் பட்டறையே தும்மும், எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தேக்கில் உள்ள வேதிப்பொருள் சிலருக்குக் கையிலும் கழுத்திலும் அரிப்பைக் கொடுக்கும். ஈட்டி மரமும் அப்படித்தான். மலை எஸ்டேட்டில் இருந்து வரும் சில்வர் ஓக் மரத்தின் பாலும் தூளும் தோலுக்கு ஆகாது. "எனக்கு இருபது வருஷமா ஒன்னும் பண்ணலையே" என்று சிலர் சொல்வார்கள். ஒவ்வாமை முதல் நாளே வரணும் என்று கட்டாயம் இல்லை. வருஷக்கணக்கில் பழகிய மரமே திடீரென்று ஒரு நாள் மூச்சிறைப்பைக் கொடுக்கலாம்.

இங்கிலாந்தில் ஹை விக்கம் என்று ஒரு ஊர். நாற்காலி செய்வதற்குப் பேர் போனது. அங்கே மருத்துவமனையில் எஸ்மே ஹாட்ஃபீல்டு என்ற பெண் டாக்டர் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இருந்தார். மிக அபூர்வமான ஒரு வகை மூக்குப் புற்றுநோய் அவரிடம் திரும்பத் திரும்ப வந்தது. வந்தவர்களில் பலர் மர நாற்காலி, மேசை செய்கிறவர்கள். அவரும் மற்ற மூன்று டாக்டர்களும் சேர்ந்து இதை ஆராய்ந்து 1968-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். பிறகு பல நாடுகளில் ஆராய்ச்சி நடந்தது. 1995-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலைப் புகை இருக்கிற அதே பிரிவு. ப்ளைவுட் பசையில் இருந்து வரும் ஃபார்மால்டிஹைடையும் 2004-ல் அதே பிரிவில் சேர்த்துவிட்டார்கள். பயப்பட வேண்டாம், மரவேலை செய்கிற எல்லோருக்கும் வரும் நோய் இல்லை இது. மிக அபூர்வம்தான். ஆனால் தூசி உள்ளே போய் 30, 40 வருஷம் கழித்து வரும் நோய். அதனால் இன்றைக்கு ஒன்னும் பண்ணலையே என்பது பதில் ஆகாது.

இனி வாளிக்கு வருவோம்.

களத்தில் பொலி தூற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? முறத்தில் அள்ளி உயரத் தூக்கி விட்டால் நெல் காலடியில் விழும். பதர் கொஞ்சம் தள்ளி விழும். தூசி எங்கேயோ போகும். காற்று ஒன்றுதான், எடைக்குத் தக்கபடி அது பிரித்து வைக்கிறது. சைக்ளோனில் காற்று நேராக அடிக்காமல் வட்டமாக அடிக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். சுற்றும்போது கனமான துகளால் காற்றோடு சேர்ந்து திரும்ப முடியாது. வெளிப்பக்கம் போய்ச் சுவரில் மோதி, வேகம் போய்க் கீழே இறங்கும். வளைவில் பஸ் திரும்பும்போது நாம் ஒரு பக்கமாய்ச் சாய்கிறோமே, அதுதான். குமுளி மலைப்பாதையில் போனவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

கணக்கும் சுலபம். வட்ட இயக்கத்தில் முடுக்கம் என்பது வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுப்பது. வாளிக்குள் காற்று வினாடிக்கு 10 மீட்டர் சுற்றுகிறது, வாளியின் ஆரம் 15 சென்டிமீட்டர் என்றால், 100-ஐ 0.15-ஆல் வகுக்க 667 வரும். புவியீர்ப்பு 9.8. ஆக, சுமார் 68 மடங்கு! ஐந்து அடி விழுந்து வர வேண்டிய துகளை, ஒரு சாண் தூரத்தில் 68 மடங்கு பலத்தோடு சுவருக்குத் தள்ளுகிறோம்.

இதைக் கண்டுபிடித்தது நேற்று இல்லை. 1885-லேயே அமெரிக்காவில் ஃபின்ச் என்பவர் காப்புரிமை வாங்கிவிட்டார். பிறகு மாவு மில், மர மில் எல்லாம் வைத்துக்கொண்டன. நூறு வருஷம் அது கூரை மேலேயே நின்றது. ஜேம்ஸ் டைசன் என்ற ஆங்கிலேயர் ஒரு மர மில்லின் கூரையில் இருந்த சைக்ளோனைப் பார்த்துவிட்டு, இதையே சின்னதாக்கி வீடு சுத்தம் பண்ணும் மெஷினில் வைத்தால் என்ன என்று யோசித்தார். 5,127 மாதிரி செய்த பிறகுதான் சரியாக வந்ததாம். நமக்கு அவ்வளவு நைசாகத் தேவையில்லை. ஒரு வாளி போதும்.

செய்முறை. (பக்கத்தில் உள்ள படம் 1-ஐப் பார்த்துக்கொண்டே படியுங்கள்.)

மூடி இறுக்கமாகப் பொருந்தும் 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்று. அடித்தால் கனமான சத்தம் வரணும். மெல்லிய வாளி கூடாது, ஏன் என்று பின்னால் சொல்கிறேன். மூடியின் நடுவில் ஓட்டை போட்டு ஒரு குழாய். அதுதான் வெளியே போகும் வழி, வாக்குவம் கிளீனருக்குப் போவது. இன்னொரு குழாய் உள்ளே வரும் வழி. இது வாளியின் மேல் பக்கத்தில், சுவரை ஒட்டி நுழைய வேண்டும். நேராக நடுவைப் பார்த்து நுழைந்தால் சுழலாது, கலங்கும். பாத்திரத்தில் தண்ணீரை ஓரமாக ஊற்றினால் சுற்றும், நடுவில் ஊற்றினால் தெறிக்கும் அல்லவா?

அடுத்தது வட்டத் தட்டு. இது இல்லாமலும் வாளி வேலை செய்யும், ஆனால் விழுந்த தூளைச் சுழல் திரும்ப அள்ளிக்கொண்டு போய்விடும். வாளியின் உள் அளவுக்கு ப்ளைவுட்டில் ஒரு வட்டம் வெட்டி, அதன் விளிம்பில் மூன்றில் இரண்டு பங்கு நீளத்துக்கு ஒரு இஞ்சு அகலம் உள்ளே வெட்டி எடுக்கணும். மீதி ஒரு பங்கு விளிம்பு வாளிச் சுவரை ஒட்டியே இருக்கும். அந்த வெட்டாத பகுதி, குழாய் நுழையும் இடத்துக்கு நேர் கீழே வரணும். மூன்று நீள போல்ட்டில் மூடியில் இருந்து தொங்கவிட்டால் முடிந்தது. தூள் சுவரோடு சுற்றி வந்து அந்தச் சந்து வழியாக விழும். கீழே காற்று அமைதியாக இருக்கும், திரும்ப மேலே வராது. தூள் தட்டு வரைக்கும் நிறைய விடக் கூடாது. நிறைந்தால் அத்தனையும் மெஷினுக்குப் போகும். உள்ளே தெரிவதற்கு வாளியின் பக்கவாட்டில் அக்ரிலிக் துண்டு ஒட்டி ஒரு கண் வைத்தோம். என் தம்பிக்கு அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே வேலை.

எல்லா மூட்டிலும் சிலிக்கான் பசை தடவுங்கள். ஊசிமுனைச் சந்து இருந்தாலும் அந்த வழியாகக் காற்று நுழைந்து, கீழே கிடக்கும் தூளைக் கிளப்பிவிடும்.

குழாய் அளவில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பெரிய குழாய் போட்டால் நிறைய இழுக்கும் என்று நினைப்பு. மரத்தூள் குழாயில் தேங்காமல் ஓட வினாடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகம் வேண்டும். வீட்டு வாக்குவம் கிளீனர் வினாடிக்கு 25 லிட்டர் காற்று இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை இஞ்சுக் குழாயில் அது சுமார் 20 மீட்டர் வேகம். அதே மெஷினில் நாலு இஞ்சு பி.வி.சி. குழாயை மாட்டினால்? பரப்பு 7 மடங்கு, வேகம் 7-ல் ஒரு பங்கு. வினாடிக்கு 3 மீட்டர் மட்டும்தான்! தூள் குழாயிலேயே படுத்துக்கொள்ளும். பை ஆர் ஸ்கொயர் எதுக்கு படிக்கிறோம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். நாலு இஞ்சு வேண்டும் என்றால் வினாடிக்கு 150 லிட்டருக்கு மேல் இழுக்கிற பெரிய புளோவர் வேண்டும்.

இப்போது ஆபத்துகள். இந்தப் பகுதியைத்தான் கவனமாகப் படிக்கணும்.

மெல்லிய வாளி கூடாது என்றேன். குழாய் வாயில் ஒரு துண்டுத் துணியோ மரச்சில்லோ அடைத்துக்கொண்டால், நல்ல வாக்குவம் கிளீனர் 20 கிலோ பாஸ்கல் வரை உறிஞ்சும். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின் மேல் அது எத்தனை எடை தெரியுமா? பரப்பு 0.07 சதுர மீட்டர், பெருக்கினால் 1,400 நியூட்டன். அதாவது 140 கிலோ! இரண்டு பெரியவர்கள் மூடி மேல் ஏறி நிற்பது மாதிரி. மெல்லிய வாளி டப்பென்று உள்வாங்கி நசுங்கும், விளிம்பு கிழிந்தால் கையைக் கிழிக்கும். அதனால் மூடியில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, ஸ்பிரிங் வைத்து மூடியிருக்கிறோம். குழாய் அடைத்தால் அது தானே திறந்து காற்று விடும். பிரஷர் குக்கரில் காற்று வெளியே போகும், இதில் உள்ளே வரும். மற்றபடி இரண்டும் ஒரே யோசனைதான்.

அடுத்து பை. எனக்கு இதுதான் மிக முக்கியமாகத் தெரிகிறது. வாளியைத் தாண்டிப் போகும் காற்றில் மிக நைசான தூள் இருக்கும். ஒரு கிலோ தூளை உறிஞ்சவிட்டுப் பார்த்தோம். பெரும்பகுதி வாளியில் விழுந்தது. மெஷின் பையில் ஒரு கைப்பிடி. எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் அந்தக் கைப்பிடிதான் நுரையீரலுக்குப் போகிற தூள். வாளியில் விழுந்தது விளக்குமாற்றுக்கே அகப்படுவது.

சிலர் மெஷினின் பையைக் கழற்றிவிட்டுக் காடாத்துணியில் பை தைத்து மாட்டுகிறார்கள். இழுவை நன்றாக இருக்கும், தரையும் சுத்தமாக இருக்கும். ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு, அந்தப் பைக்குக் குறுக்கே டார்ச் அடித்துப் பார்த்தோம். துணி முழுவதும் சாம்பிராணிப் புகை மாதிரி வந்துகொண்டிருந்தது! டிண்டால் விளைவு என்று பாடத்தில் படித்தோமே, அது. பகலில் ஒன்றுமே தெரியாது. அதாவது இப்படிப்பட்ட பை, தரையில் சும்மா கிடந்த நைஸ் தூளைத் தேடி உறிஞ்சி, நம் முகத்துக்கு நேராக ஊதிவிடுகிறது. இதைவிட மெஷினே இல்லாமல் இருப்பது மேல் என்பேன்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ஹெப்பா என்ற வடிகட்டி. 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். விலை அதிகம். ஆனால் முன்னால் வாளி இருந்தால் அது சீக்கிரம் அடைக்காது, ரொம்ப நாள் வரும். வாளியின் உண்மையான உபயோகமே இதுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. வாளி வடிகட்டிக்குப் பதில் இல்லை, வடிகட்டிக்குக் காவல். இன்னொரு வழி, காற்றை வெளியே விடுவது. அப்போது பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணி, கிணறு, மாட்டுத் தொட்டி எல்லாம் பார்க்கணும். நம்ம பள்ளத்தாக்கின் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலை வைத்திருப்பது சும்மாவா? ஆனி ஆடியில் மேற்கே இருந்து வீசும், ஐப்பசி கார்த்திகையில் திரும்பிவிடும். மேற்குச் சுவரில் வாய் வைத்தால் ஆடி முழுக்க விட்ட தூசி நமக்கே திரும்பி வரும். நாங்கள் கிழக்குச் சுவரில் உயரமாக வைத்தோம். அந்தப் பக்கம் புளியமரமும் ஓடையும்தான், வீடு இல்லை. மழைக்காலத்துக்கு ஒரு மூடியும் போட்டிருக்கிறோம்.

தீ. மரத்தூள் குவியலாகக் கிடந்தால் மெதுவாகக் கனியும். காற்றில் பறந்தால் ஒரு நொடியில் எரியும், ஏனென்றால் ஒவ்வொரு துகளையும் சுற்றி ஆக்சிஜன் இருக்கிறது. (யாரும் செய்து பார்க்காதீர்கள்.) 1878 மே 2-ஆம் தேதி அமெரிக்காவில் மினியாபொலிஸ் ஊரில் ஒரு கோதுமை மாவு மில் இப்படி வெடித்து 18 பேர் இறந்தார்கள். வெறும் மாவு! 2012-ல் கனடாவில் ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று என்று இரண்டு மர மில்கள் மரத்தூளால் வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். வீட்டுப் பட்டறை அப்படி வெடிக்கும் என்று நான் சொல்லவில்லை, அதற்கு நிறையத் தூள் வேண்டும். ஆனால் தீப்பிடிக்கும். பழைய கதவு மரத்தை அறுக்கும்போது உள்ளே இருக்கும் ஆணியில் ரம்பம் பட்டால் பொறி பறக்கும். அந்தப் பொறி குழாய் வழியாக நேராக வாளிக்குள் போய்த் தூளில் புதைந்துகொள்ளும். உடனே புகையாது, ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு புகையும். எனவே வாளியை ஷெட்டுக்குள் நிறைந்தபடி வைத்துவிட்டுப் போகக் கூடாது. தினமும் சாயங்காலம் வெளியே இருக்கும் மூடி போட்ட தகர டிரம்மில் கொட்டுகிறோம். உளி தீட்டும் கிரைண்டர் பக்கம் இந்தக் குழாயைக் கொண்டுபோகவே கூடாது. பீடித் துண்டைப் பற்றிச் சொல்லணுமா? பெரியப்பாவுக்காகச் சொல்லிவிடுகிறேன், கூடாது. லின்சீடு ஆயில் துடைத்த துணியையும் தூளோடு போடாதீர்கள். அது நெருப்பே இல்லாமல் தானாகச் சூடாகிப் பற்றும்.

கரண்ட். பிளாஸ்டிக் குழாயில் தூள் உரசி ஓடினால் நிலைமின்னூட்டம் சேரும். சீப்பால் தலை சீவிக் காகிதத்தைத் தூக்குவோமே, அதுவேதான். தொட்டால் சுருக் என்று அடிக்கும். உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் ஓடுகிற ரம்பத்துக்குப் பக்கத்தில் கை திடுக்கென்று உதறினால் என்ன ஆகும்? குழாயைச் சுற்றித் தோலில்லாத செம்புக் கம்பி சுற்றி மெஷினின் எர்த்தில் இணைத்தால் குறையும். முழுக்கப் போகாது, ஏனென்றால் பிளாஸ்டிக் கடத்தாது, கம்பி தொடும் இடத்தில் இருப்பதுதான் வடியும். மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை வெட்டிவிட்டு மாட்டும் பழக்கம் நம்ம ஊரில் இருக்கிறது. அந்த வீட்டில் இந்த வேலையே வேண்டாம். பழைய புளோவரை மாட்டுகிறவர்கள் அதன் வாயில் கம்பி வலை போடாமல் ஓட்டக் கூடாது, உள்ளே சுற்றும் இறக்கை விரலைப் பார்க்காது. குழாய் அடைத்தால் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்கணும்.

வாளி பிடிக்காதது நிறைய உண்டு. சாண்டர் போடும்போது தூள் நாலா பக்கமும் பறக்கும், ஒரு குழாய் போதாது. அதற்கு மாஸ்க் வேண்டும். துண்டை மூக்கில் கட்டினால் பெரிய தூளைத்தான் தடுக்கும். 2020-ல் கொரோனா வந்தபோது எல்லோருக்கும் தெரிந்துபோன என்95, 0.3 மைக்ரான் துகளில் குறைந்தது 95 சதவீதம் தடுக்கும். ஓரம் முகத்தோடு ஒட்டி இருந்தால் மட்டும். தாடி வைத்தவர்களுக்கு ஒட்டாது! வாளியைக் கொட்டும்போதும் கட்டாயம் போடணும், ஒரு நாள் முழுக்கச் சேர்ந்த தூசி அந்த ஒரு நிமிஷத்தில் எழும்பும். வேலை முடிந்ததும் சட்டையில் இருக்கும் தூளைக் கைப் புளோவரால் ஊதித் தட்டுகிறார்கள் பாருங்கள், அதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். பிடித்ததை எல்லாம் திரும்ப விடுவது அது.

1948-ல் வந்த தொழிற்சாலைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவில், தூசி கிளம்பும் இடத்துக்குப் பக்கத்திலேயே அதை உறிஞ்சி எடுக்கணும் என்று எழுதியிருந்தார்கள். நல்ல பிரிவு. ஆனால் அந்தச் சட்டத்தில் தொழிற்சாலை என்றால் கரண்டில் ஓடும் இடத்தில் பத்துப் பேராவது வேலை பார்க்கணும் என்று இருந்தது. இரண்டு பேர் இருக்கும் வீட்டுப் பட்டறைக்கு இன்ஸ்பெக்டர் வரமாட்டார். கூட்டுகிற பிள்ளையைக் கணக்கில் சேர்த்தாலும் மூன்று பேர்தான்.

எங்கள் வீட்டில் கூட்டுவது இப்போது மாறியிருக்கு. மெஷின் நின்று ஒரு மணி நேரம் யாரும் உள்ளே போவதில்லை. கதவும் ஜன்னலும் திறந்து கிடக்கும். பிறகு பெரும்பகுதியை வாக்குவம் குழாயே எடுக்கும். மூலையில் இருப்பதற்குத் தண்ணீர் தெளித்து ஈரச் சாக்கால் துடைக்கிறோம். சுவிட்ச் பெட்டிப் பக்கம் தண்ணீர் தெளிக்கக் கூடாது. வாரத்தில் மூன்று நாள் நான், மூன்று நாள் அப்பா. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை.

சேர்ந்த தூளை என்ன செய்வது என்று கேட்பீர்கள். தனி மரத்தின் தூளை டீக்கடைக்காரர் மரத்தூள் அடுப்புக்கு வாங்கிக்கொள்கிறார். நடுவில் கட்டை நிறுத்திச் சுற்றிலும் தூளைக் குத்தி இறுக்கி, கட்டையை உருவி எடுப்பார்களே, அந்த அடுப்பு. இறுகி இருப்பதால்தான் அது வெடிக்காமல் நின்று எரிகிறது என்பதையும் கவனியுங்கள். ப்ளைவுட் தூளை அடுப்புக்கோ கோழிக் கூண்டுக்கோ கொடுப்பதில்லை, அதில் பசை இருக்கிறது. அதற்கு வேறு சாக்கு, மேலே சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறோம்.

டார்ச் சோதனை செய்து பார்க்க விரும்புகிறவர்கள், வீட்டில் பட்டறையோ மாவு மில்லோ தையல் மெஷினோ எது இருந்தாலும், இருட்டியதும் லைட்டை அணைத்துவிட்டு ஒளியைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் தெரியாது. என்ன பார்த்தீர்கள் என்று எழுதி 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் என்னிடம் கொடுத்தால் அடுத்த மாதத் தாளில் போடுவோம். வாளியின் அளவுப் படம் வேண்டுபவர்களும் மதிய இடைவேளையில் வந்து நோட்டில் வரைந்துகொள்ளலாம்.

– 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி
(படங்களும் நானே)